புகையிலிருந்து ஆவிக்கு: இலத்திரனியல் சிகரெற்றும் ஆராய்ச்சியின் சமூக அடித்தளமும்

1

ஒரு பண்டத்தின் வரலாறு அப்பண்டத்துக்கு இடப்பட்ட பெயரின் வரலாறாகவும் அமைவதுண்டு. இலத்திரனியல் சிகரெற்றைப் பயன்படுத்துவோர் உள்ளிழுத்து வெளிவிடுவதை 'ஆவி' என்று வழங்குதல் இன்று உலக வழக்காகிவிட்டது. பௌதிக நோக்கில் அது ஆவியன்று. காற்றில் மிதக்கும் நுண்ணிய திரவத் துளிகளின் தொகுதியே அது. அத்துளிகளில் நிக்கொற்றினும் சுவையூட்டும் இரசாயனங்களும் சூடேறிய உலோகச் சுருளிலிருந்து கழன்ற துகள்களும் கலந்துள்ளன. எனினும் 'புகை' என்ற சொல் நெருப்பையும் கரியையும் நோயையும் நினைவூட்ட, 'ஆவி' என்ற சொல் தூய்மையை நினைவூட்டுகின்றது. நம்மவரிடையே ஆவி பிடித்தல் தடிமலுக்குச் செய்யும் கைமருந்தன்றோ? ஒரு சொல்லை மாற்றியமைத்ததன் மூலம் ஒரு பண்டம் நோயின் பக்கத்திலிருந்து மருந்தின் பக்கத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டுள்ளது.

இலக்கிய மாணவன் ஒருவன் இத்தகைய விடயத்திலே தலையிடுவது பொருந்துமா என்ற வினா எழலாம். நுரையீரலைப் பற்றிக் கூறவேண்டியவர் மருத்துவரே. ஆனால் விஞ்ஞான அறிவு எவ்வாறு உற்பத்தியாகின்றது, அதற்கு யார் செலவிடுகின்றனர், அதன் முடிவுகள் எத்தகைய மொழியில் மக்களை வந்தடைகின்றன என்பன சமூக வரலாற்றுக்குரிய வினாக்கள். இலத்திரனியல் சிகரெற்றின் தோற்றத்தையும் அதுபற்றிய ஆராய்ச்சிகளின் போக்கினையும் புகையிலை முதலாளித்துவத்தின் நீண்ட வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

சிகரெற் வெகுசனப் பண்டமாக மாறியமை இயந்திரத்தின் விளைவாகும். 1881 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஜேம்ஸ் பொன்சாக் என்பவர் சிகரெற் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 120,000 சிகரெற்றுகளை அது சுற்றித் தள்ளியது. கைத்தொழிலாளர் பலரின் வேலையை ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கியபோது, முதலாளியின் முன்னே புதிய பிரச்சினை ஒன்று எழுந்தது. பண்டம் பெருகிவிட்டது, அதனை நுகர்வோர் எங்கே? ஜேம்ஸ் டியூக் விளம்பரத்தின் வாயிலாக நுகர்வோரையே உற்பத்தி செய்யலானார். 1890 இல் அவர் அமைத்த அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி ஏகபோகமாக வளர்ந்தது. 1902 இல் பிரித்தானிய முதலாளிகளும் அமெரிக்க முதலாளிகளும் உலகச் சந்தையைத் தமக்கிடையே பங்கிட்டுக்கொண்ட உடன்பாட்டிலிருந்து பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி பிறந்தது. 1911 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் டியூக்கின் ஏகபோகத்தைக் கலைத்தது. ஆயினும் பிரிந்தவை ஒவ்வொன்றும் பெருங்கொம்பனிகளாயின.

இப்பண்டம் உடலுக்குச் செய்த தீங்கு புள்ளிவிபரங்களால் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1950 இல் இங்கிலாந்தில் றிச்சட் டோல், பிராட்ஃபோட் ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் ஏர்ணஸ்ட் வைண்டர், இவாட்ஸ் கிரஹாம் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுகள் சிகரெற்றுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவின. 1953 டிசெம்பரில் அமெரிக்கப் புகையிலைக் கொம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க் விடுதியொன்றில் கூடினர். மறுமாதம், 1954 ஜனவரி 4 ஆம் திகதி, நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களது கூட்டறிக்கை வெளிவந்தது. மக்களின் நலமே தமக்கு முதன்மையானதென்றும், உண்மையைக் கண்டறிய ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைப்பதாகவும் அவ்வறிக்கை உறுதி கூறியது. அக்குழுவும் அமைந்தது, பல்கலைக்கழகங்களுக்குப் பணமும் வழங்கியது.

இந்நிகழ்ச்சியின் முக்கியத்துவம் யாது? அதுவரை முதலாளித்துவம் தனக்கு ஒவ்வாத விஞ்ஞான முடிவுகளை மறைக்கவோ மறுக்கவோ முயன்றது. 1954 இன் பின்னர் அது வேறொரு வழியைக் கண்டுகொண்டது. விஞ்ஞானத்தைக் கொண்டே விஞ்ஞானத்தைத் தாமதப்படுத்துதல் அவ்வழியாகும். 'இன்னும் ஆராய்ச்சி வேண்டும்' என்ற கூற்று எந்த ஆய்வாளனும் மறுக்க முடியாதது. அதனாலேயே அது மிகச் சிறந்த கேடயமாயிற்று. 1969 இல் எழுதப்பட்ட கொம்பனிக் குறிப்பொன்று, தாம் உற்பத்தி செய்வது ஐயத்தையே என்று ஒளிவுமறைவின்றிக் கூறியது. பிற்காலத்து வழக்குகளின்போது அக்குறிப்பு வெளிச்சத்துக்கு வந்தது.

ஐயத்தோடு கூடவே 'பாதுகாப்பான சிகரெற்' என்னும் கனவும் விற்கப்பட்டது. 1952 இல் கென்ற் என்னும் சிகரெற் புதுவகை வடிகட்டியுடன் சந்தைக்கு வந்தது. உடல்நலத்தைக் காப்பதாக விளம்பரப்படுத்தப்பட்ட அவ்வடிகட்டியில் 1956 வரை நீல அஸ்பெஸ்ரஸ் இருந்தது. புற்றுநோயைத் தடுக்க வந்த பொருளே புற்றுநோயை விளைவிப்பதாயிற்று. அதன் பின்னர் 'குறைந்த தார்', 'மென்மை' என்னும் அடைமொழிகள் தாங்கிய சிகரெற்றுகள் வந்தன. புகைப்பவர் குறைந்த நிக்கொற்றினை ஈடுசெய்ய ஆழமாகவும் அடிக்கடியும் உறிஞ்சினர், தீங்கு குறையவில்லை. 2006 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நீதிபதி கிளடிஸ் கெஸ்லர், கொம்பனிகள் பல்லாண்டு காலம் பொதுமக்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்து அவ்வடைமொழிகளையும் தடைசெய்தார். இந்த வரலாற்றை அறியாதவன் இலத்திரனியல் சிகரெற்றின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

3

புகையிலையை எரிக்காது நிக்கொற்றினை வழங்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. புகையற்ற, புகையிலையற்ற சிகரெற் ஒன்றுக்கு ஹேர்பேட் கில்பேட் என்னும் அமெரிக்கர் 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் காப்புரிமை பெற்றார். அதனை உற்பத்தி செய்ய முன்வந்தோர் இலர். எரியும் சிகரெற் இலாபத்தை அள்ளிக் கொடுத்த காலத்தில் அதற்கு மாற்று தேவைப்படவில்லை. 1988 இல் றெனோல்ட்ஸ் கொம்பனி, புகையிலையை எரிக்காது சூடாக்கும் 'பிறீமியர்' என்ற பண்டத்தைச் சோதனை விற்பனைக்கு விட்டு, மறு ஆண்டே மீளப் பெற்றுக்கொண்டது. ஒரு கண்டுபிடிப்பு நிகழ்வதற்கு அறிவு மாத்திரம் போதாது. அதனை வேண்டிநிற்கும் உற்பத்திச் சூழலும் கனிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இவை தக்க சான்றுகளாம்.

அச்சூழல் 2000 ஆம் ஆண்டளவில் கனிந்தது. 1998 இல் அமெரிக்காவின் 46 மாநிலங்களோடு கொம்பனிகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 206 பில்லியன் டொலர் செலுத்த நேர்ந்தது. 2003 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. மேற்கு நாடுகளில் சிகரெற் விற்பனை சரியலாயிற்று. அதே 2003 இல் சீனத்தின் ஷென்யாங் நகரைச் சேர்ந்த மருந்தியலாளர் ஹொன் லிக், மின்கலத்தால் இயங்கும் நிக்கொற்றின் கருவியை உருவாக்கினார். அவரே கடும் புகைப்பழக்கம் உடையவர். அவரது தந்தை நுரையீரற் புற்றுநோயால் மாண்டவர். அக்கருவி 2004 இல் சீனத்தில் விற்பனைக்கு வந்தது. பழக்கத்திலிருந்து மீளத் துடித்த ஒரு மனிதனின் முயற்சியாகவே அது பிறந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பண்டம் தன்னை ஆக்கியவனின் நோக்கத்தை என்றும் சுமந்து செல்வதில்லை. 2012 இல் லொறிலார்ட் என்னும் சிகரெற் கொம்பனி 'புளூ' என்ற இலத்திரனியல் சிகரெற் நிறுவனத்தை 135 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மறு ஆண்டு, ஹொன் லிக்கின் காப்புரிமைகளை இம்பீரியல் கொம்பனி 75 மில்லியன் டொலருக்குத் தனதாக்கிக்கொண்டது. 2015 இல் கலிபோர்னியாவில் 'ஜூல்' சந்தைக்கு வந்தது. நிக்கொற்றினை பென்சோயிக் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்கியமையே அதன் தொழினுட்ப நுட்பமாகும். அவ்வாறு செய்யவே தொண்டையைக் கரிக்காது மிகுந்த அளவு நிக்கொற்றினை உள்ளிழுத்தல் சாத்தியமாயிற்று. முதன்முறை புகைக்கும் சிறுவனுக்கு இருமல் இயற்கை விதித்த தடையாக இருந்தது. அத்தடை இப்போது அகற்றப்பட்டது. 2018 டிசெம்பரில், மால்பரோ சிகரெற்றை அமெரிக்காவில் விற்கும் அல்ட்ரியா, ஜூலின் 35 வீதப் பங்கினை 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

விளைவு யாது? அமெரிக்காவின் உயர்தரப் பாடசாலை மாணவருள், ஆய்வுக்கு முந்திய முப்பது நாட்களில் இலத்திரனியல் சிகரெற்றைப் பயன்படுத்தியோர் 2017 இல் 11.7 வீதம், 2018 இல் 20.8 வீதம், 2019 இல் 27.5 வீதம். இம்மாணவருட் பலர் என்றுமே சிகரெற்றைத் தொட்டிராதவர். சிகரெற்றிலிருந்து விடுபட விழைவோருக்கான கருவி எனச் சொல்லப்பட்டது, விடுபட ஏதுமற்றோரைப் பிணித்தது. பின்னர் கட்டுப்பாடுகளும் வழக்குகளும் வரவே அத்தொகை வீழ்ச்சியுற்றது. இடைநிலை, உயர்தரப் பாடசாலை மாணவரை ஒருங்கே கணித்தால் 2024 இல் 5.9 வீதம். வீழ்ச்சி தானாக வரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

4

இனி, உடலினுள்ளே செல்வது யாதென நோக்குவோம். கருவியிலுள்ள திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்பவற்றாலானது. இவற்றோடு நிக்கொற்றினும் சுவைப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. சுருள் சூடேறும்போது இவை சிதைந்து போமல்டிஹைட், அக்ரோலீன் முதலிய நச்சுப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. நிக்கல், குரோமியம், ஈயம் ஆகிய உலோகங்களும் துளிகளில் காணப்பட்டுள்ளன. எரியும் சிகரெற்றோடு ஒப்பிடுகையில் இவற்றுட் பலவற்றின் அளவு மிகக் குறைவு. காபன் மொனொக்சைட்டும் தாரும் எரிதலின் விளைவுகளாதலால் இங்கே அவை பெரும்பாலும் இல்லை. நிக்கொற்றினோ இருக்கின்றது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவது; வளரும் மூளையைப் பாதிப்பது; அனைத்துக்கும் மேலாக, மனிதனை அடிமைப்படுத்துவது.

சுவைப்பொருள்களின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் சோளப்பொரி தயாரிக்கும் ஆலையொன்றில் முன்னர் வேலைசெய்த எட்டுத் தொழிலாளருக்கு, நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபடும் அரியதொரு நோய் கண்டிருந்தமை தெரியவந்தது. அந்நோய் மாறாதது. வெண்ணெய்ச் சுவையூட்டப் பயன்பட்ட டயசெற்றில் என்னும் பொருளின் ஆவியை அவர்கள் நாள்தோறும் சுவாசித்தமையோடு அந்நோய் தொடர்புடையதென ஆய்வுகள் காட்டின. டயசெற்றில் உண்பதற்குப் பாதுகாப்பானதென ஏற்கப்பட்ட பொருள். உண்பதற்கு ஏற்றது சுவாசிப்பதற்கும் ஏற்றதா என்ற வினாவை எவரும் எழுப்பியிருக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை கூறியவை தொழிலாளரின் நுரையீரல்களே. 2015 இல் ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவையூட்டிய 51 இலத்திரனியல் சிகரெற் திரவங்களைச் சோதித்தபோது 39 இல் டயசெற்றில் இருக்கக் கண்டனர்.

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். சிகரெற் புகையிலும் டயசெற்றில் உண்டு. இலத்திரனியல் சிகரெற்றால் அவ்வாலைத் தொழிலாளரின் நோய் பரவலாக ஏற்பட்டதென நிறுவப்படவும் இல்லை. நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. தொழிற்சாலையிலே தொழிலாளர் உயிரைக் கொடுத்து ஈட்டித்தந்த அறிவு, பதினைந்து ஆண்டுகளின் பின்னரும் புதிய பண்டத்தை உற்பத்தி செய்தோரைத் தடுக்கவில்லை. அறிவு இல்லாமையன்று குறை. அறிவைச் செயற்படுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே பிரச்சினை.

2019 இல் அமெரிக்காவிலே கடும் நுரையீரற் பாதிப்பொன்று திடீரெனப் பரவியது. 2020 பெப்ரவரி நடுப்பகுதி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டமை பதிவாகியது. 68 பேர் இறந்தனர். நோயாளர் 51 பேரின் நுரையீரல் திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் விற்றமின் ஈ அசற்றேற் காணப்பட்டது. கள்ளச் சந்தையில் விற்கப்பட்ட கஞ்சாச் சாற்றுத் திரவத்தைத் தடிப்பாக்கச் சேர்க்கப்பட்ட பொருள் அது. சருமத்திற் பூசவும் உண்ணவும் தீங்கற்றதே நுரையீரலைக் கொன்றது. நிக்கொற்றின் கொம்பனிகள் இதனைத் தம் குற்றமின்மைக்குச் சான்றாகக் காட்டின. எதிர்த்தோர் சிலர் காரணத்தைப் பிரித்தறியாது அனைத்துக் கருவிகள்மீதும் பழி சுமத்தினர். இரு சாராரின் கூற்றும் முழுமையானதன்று.

5

ஆராய்ச்சியாளரிடையே நிகழும் விவாதத்தின் மையத்தில் ஓர் எண் நிற்கின்றது. 2015 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், இலத்திரனியல் சிகரெற் சாதாரண சிகரெற்றிலும் 95 வீதம் தீங்கு குறைந்தது என அறிவித்தது. அவ்வெண் எங்கிருந்து வந்தது? 2014 இல் வெளியான கட்டுரையொன்றிலிருந்தே அது பெரிதும் பெறப்பட்டது. அக்கட்டுரையோ நோயாளரை ஆண்டுக்கணக்காக அவதானித்த ஆய்வன்று. பன்னிருவர் கூடித் தம் மதிப்பீட்டின்படி பண்டங்களுக்குப் புள்ளியிட்டதன் விளைவாகும். அதன் அடிப்படை வலுவற்றதென 'லான்செற்' மருத்துவ இதழ் அதே ஆண்டிலே கண்டித்தது. ஒரு கருத்து எண்ணாக உருமாறியதும் அளவீட்டின் அதிகாரத்தைப் பெற்றுவிடுகின்றது. எண்ணும் ஒரு சொல்லே. அதற்கும் ஆசிரியர் உண்டு, சூழல் உண்டு.

எனினும் எண்ணின் தோற்றம் பலவீனமானது என்பதால் அது சுட்டும் திசையே பொய்யென்று முடிவுசெய்தல் முற்போக்காளருக்கு அழகன்று. 2019 இல் இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், இலத்திரனியல் சிகரெற்றைப் பெற்றோருள் 18 வீதத்தினர் ஓராண்டின் பின் சிகரெற்றைக் கைவிட்டிருந்தனர். நிக்கொற்றின் ஒட்டு முதலிய மருந்துகளைப் பெற்றோருள் 9.9 வீதத்தினரே கைவிட்டிருந்தனர். 2022 இல் கொக்ரேன் மீளாய்வும் இம்முடிவை உறுதிப்படுத்தியது. அதே பரிசோதனையின் மறுபக்கமும் உண்டு. இலத்திரனியல் சிகரெற்றால் புகையை விட்டோருள் 80 வீதத்தினர் ஓராண்டின் பின்னரும் அக்கருவியையே பயன்படுத்தினர். மருந்தால் விட்டோருள் மருந்தைத் தொடர்ந்தோர் 9 வீதத்தினரே. விடுதலையும் புதிய பிணைப்பும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக இங்கு அமைகின்றன. 2018 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அக்கடமிகள் வெளியிட்ட பேரறிக்கையும் இம்முரண்பாட்டையே பதிவுசெய்தது. புகைப்பவர் முற்றாக மாறினால் நச்சுப் பொருள்களை ஏற்கும் அளவு குறையும். இளைஞர் தொடங்கினால் எரியும் சிகரெற்றை அவர்கள் நாடும் வாய்ப்புக் கூடும். இரண்டும் உண்மை. எவருடைய நிலையிலிருந்து வினவுகின்றோம் என்பதற்கேற்ப விடை வேறுபடுகின்றது.

எதிர்ப்பாளரின் ஆர்வமும் வழுவுக்கு இடமளித்துள்ளது. இலத்திரனியல் சிகரெற்றை மாரடைப்போடு தொடர்புபடுத்தி 2019 இல் வெளியான கட்டுரையொன்று 2020 இல் மீளப்பெறப்பட்டது. மாரடைப்புக்கு உள்ளானவர்களுட் சிலர் அதன் பின்னரே கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கக்கூடும் என்பது அதிற் சரிவரக் கணக்கில் எடுக்கப்படவில்லை. நல்ல நோக்கம் நல்ல சான்றுக்கு ஈடாகாது. நமது பக்கத்தில் நிற்பவர் என்பதற்காக வழுவை மன்னித்தால், எதிர்ப்பக்கத்தின் வழுவைக் கண்டிக்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

ஆயினும் இரு பக்கத்து வழுக்களும் நிறையில் சமமானவையல்ல. ஒரு பக்கத்தில் தனி ஆய்வாளனின் அவசரம். மறுபக்கத்தில் மூலதனத்தின் திட்டமிட்ட முதலீடு. 2017 இல் பிலிப் மொரிஸ் சர்வதேசக் கொம்பனி, புகையற்ற உலகைப் படைப்பதெனக் கூறிய அறநிலையம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 மில்லியன் டொலர் வீதம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வழங்க முன்வந்தது. 2021 இல் அதே கொம்பனி, ஆஸ்துமா நோயாளருக்கான உள்ளிழு கருவிகளைத் தயாரிக்கும் வெக்ருறா நிறுவனத்தை வாங்கியது. நோயை விற்றவரே மருந்தையும் விற்கலாயினர். அதே ஆண்டில் ஜூல் நிறுவனம் 51,000 டொலர் செலுத்த, ஓர் ஆய்விதழின் முழு இதழும் அந்நிறுவனத்தின் ஆய்வுகளுக்கே ஒதுக்கப்பட்டது. ஆய்விதழ் ஒன்றைப் பக்கம் பக்கமாக உழைத்து வெளிக்கொணரும் எவருக்கும் இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. 1954 இல் ஆராய்ச்சிக் குழு அமைத்தோரின் வழிமுறை மறையவில்லை, வடிவம் மாறியுள்ளது.

6

இவ்வரலாறு நமது நாட்டுக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. அதன் செழிப்பும் வீழ்ச்சியும் குடாநாட்டுக் கமக்காரனின் வாழ்வை வெளிச்சந்தையின் ஏற்ற இறக்கங்களோடு பிணைத்தன. சிகரெற் உற்பத்தியோ பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி பெரும்பான்மைப் பங்கினைக் கொண்டுள்ள நிறுவனம் ஒன்றின் கையில் உள்ளது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை முதலில், 2003 இல், ஏற்றுறுதி செய்த நாடு இலங்கையே. 2006 இல் புகையிலை மற்றும் மதுசாரத்துக்கான தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2016 இன் ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெற்றுகளைத் தடைசெய்தன. இந்தியா 2019 இல் இலத்திரனியல் சிகரெற்றுகளை முற்றாகத் தடைசெய்தது. இங்கிலாந்தோ புகைப்பவருக்கு அவற்றைப் பரிந்துரைத்துக்கொண்டே, ஒருமுறை பயன்படுத்தி வீசப்படும் கருவிகளை 2025 ஜூன் முதலாம் திகதி தொடக்கம் தடைசெய்தது.

தடை ஒன்றே தீர்வாகுமா? எரியும் சிகரெற்றையும் பீடியையும் பெட்டிக்கடைதோறும் விற்க அனுமதித்துவிட்டு, அவற்றிலும் தீங்கு குறைந்ததென ஏற்கப்படும் ஒன்றை மாத்திரம் தடுப்பதில் முரண்பாடு உண்டென்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதே வேளை, ஜூலின் வரலாறு காட்டுவது போல, கதவைத் திறந்தால் முதலில் நுழைவது நோயுற்ற தொழிலாளியின் விடுதலையன்று. மாம்பழச் சுவை பூசிய விளம்பரமே. புகைப்பவருக்கு உதவும் கருவி வேண்டுமெனில், அது மருந்தைப் போல மருத்துவமனையூடாகவும் இலாப நோக்கின்றியும் வழங்கப்படலாம். ஆனால் அத்தகைய விநியோகத்திலே கொம்பனிகள் அக்கறை காட்டவில்லை. ஏனெனில் வெற்றிகரமான மருந்து தன் நோயாளியை இழக்கின்றது. வெற்றிகரமான பண்டம் தன் நுகர்வோனை இழப்பதில்லை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, 'இலத்திரனியல் சிகரெற் தீங்கானதா?' என்ற பொதுவினா போதாதென்பது தெளிவாகும். எதனிலும் தீங்கானது, யாருக்குத் தீங்கானது, எவ்வளவு காலத்தில், இதனை யார் அளந்தனர், அளந்தவருக்கு யார் கூலி கொடுத்தனர் என்று வினவுதல் வேண்டும். நாற்பது ஆண்டுகளாகச் சிகரெற் புகைத்து மூச்சிரைக்கும் ஒருவருக்கு முற்றாக மாறுதல் நன்மையாகலாம். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது அடிமைத்தனத்தின் தொடக்கம். இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடலில் நிகழப்போவதை இருபதாண்டு வரலாறே கொண்ட பண்டம் பற்றிய எந்த ஆய்வும் இன்று முழுமையாகக் கூற இயலாது. அந்த இடைவெளியே மூலதனத்தின் சந்தையாக உள்ளது.

1881 இல் இயந்திரம் சிகரெற்றைப் பெருக்கிய காலத்திலிருந்து 1950 இல் அதன் தீங்கு நிறுவப்படும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. நிறுவப்பட்ட உண்மை சட்டமாகும் வரை மேலும் பல பத்தாண்டுகள் வீணாயின. அவ்விடைக்காலத்தில் மாண்டோர் ஒவ்வொருவரும் 'இன்னும் ஆராய்ச்சி வேண்டும்' என்ற வாக்கியத்துக்குப் பலியானவரே. ஆராய்ச்சி வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அது பொதுப்பணத்தில் நிகழ்தல் வேண்டும். முடிவுகள் மக்களின் மொழியில் மக்களிடம் வருதல் வேண்டும். முடிவு வரும்வரை சோதனைக்களமாக நம் பிள்ளைகளின் நுரையீரல்கள் அமையாதிருத்தல் வேண்டும். இவற்றை வற்புறுத்துவது மருத்துவர்களின் கடமை மாத்திரமன்று. சொற்கள் எவ்வாறு உண்மையைத் துலக்குகின்றன, எவ்வாறு மறைக்கின்றன என்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அதிற் பங்குண்டு. அப்பணியின் முதற்படி, ஆவியல்லாததை ஆவியென்று வழங்க மறுப்பதாகும்.